ஷெஃபீல்டில் ஒரு தெருமுனைப் பப்

செவ்வாய், பர்ட்டன் ஆன் ட்ரென்ட்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் உள்ள ஒரு பப்பை, அதாவது மதுக்கூடத்தை, பார்ப்பதற்காகவே இந்தப் பயணம். ஆயினும், ஏல் என்னும் பீர் வகையை நேசிக்கும் ஒருவர், போகும் வழியில் இருக்கும் பர்ட்டனில் இறங்காமல் செல்வது முறையாகாது. ட்ரென்ட் ஆற்றுப் படுகையில் அமைந்த இவ்வூரின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதியாகக் கரைந்திருக்கிறது. அந்த நீரில் தயாரான வெளிர்நிற ஏல் தெளிவாக இருந்ததோடு, ஹாப் பூவின் கசப்பையும் நாவில் கூர்மையாக நிறுத்தியது. லண்டனின் கிழக்கே போ என்னுமிடத்தில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலை, இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயருக்குக் கப்பலேற்றி வந்த ஏலுக்குப் போட்டியாக 1820களில் பர்ட்டனின் ஆல்சாப், பாஸ் ஆலைகள் இறங்கி வென்றதற்கு இந்தத் தண்ணீர் ஒரு பெருங்காரணம். இன்று உலகெங்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்று அழைக்கப்படும் பீரின் பெயரில் இந்தியா இருப்பது அந்த வணிகத்தின் எச்சம்.

பிரிட்டனில் முதன்முதலாக, 1876 ஜனவரி 1 அன்று, பதிவான வணிகச் சின்னம் பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணம். அந்த முக்கோணத்தை மாலையில் கூப்பர்ஸ் டேவர்ன் என்ற பழைய பப்பில் பார்த்தேன். ஒரு காலத்தில் பாஸ் ஆலையின் கிடங்காக இருந்த இடம் அது. அங்கே பம்பு எதுவும் இல்லாமல், பீப்பாயின் குழாயைத் திறந்து நேரடியாகவே கண்ணாடிக் குவளையில் பாஸ் ஏலை நிரப்பித் தருகிறார்கள். நுரை குறைவு, முதல் மிடறில் லேசான கந்தக வாடை எழுந்து, அடுத்த மிடறுக்குள் அடங்கி, ரொட்டியின் மேலோட்டை ஒத்த இனிமைக்கு வழிவிடுகிறது. அந்தக் கந்தக வாடை இவ்வூர் நீரின் அடையாளம். அதைக் குறையென்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதன், ஷெஃபீல்டு வந்து சேர்ந்தது

டார்பியில் ரயில் மாறி முற்பகலிலேயே ஷெஃபீல்டு வந்துவிட்டேன். நிலையத்திலேயே, 1904ஆம் ஆண்டின் சிற்றுண்டிக் கூடம் ஒன்று பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்து, சீரமைக்கப்பட்டு, 2009 முதல் ஷெஃபீல்டு டாப் என்ற பெயரில் பப்பாக இயங்குகிறது. சுவரோடுகளும் உயர்ந்த கூரையும் கண்ணைப் பறிக்கின்றன. பீர் வகைகளும் ஏராளம். எனினும் நான் தேடி வந்தது இத்தகைய அழகை அன்று என்பதால் அரை பைண்டோடு (ஒரு பைண்ட் அரை லிட்டரைவிடச் சற்று அதிகம்) எழுந்துவிட்டேன்.

இந்நகரம் ஏன் பீருக்குப் பெயர்பெற்றது என்பதற்கான விடை அதன் எஃகு ஆலைகளில் இருக்கிறது. உலையருகே நாள் முழுதும் வியர்த்தவர்களின் தாகத்துக்கென்றே ஸ்டோன்ஸ் பிட்டர் என்ற கசப்பேறிய ஏல் 1948இல் இங்கே உருவானது. ஆலைகள் மெலிந்தபோது பீர் ஆலைகளும் மெலிந்தன; வார்ட்ஸ், ஸ்டோன்ஸ் ஆகிய இரு பெரிய ஆலைகளும் 1999இல் மூடப்பட்டன. ஆனால் அதற்கு முன்பே மறுமுனையில் ஒரு தொடக்கம் நிகழ்ந்திருந்தது. கெல்ஹம் ஐலண்ட் என்னும் பழைய தொழிற்பகுதியில் 1981இல் டேவ் விக்கெட் என்பவர் ஃபேட் கேட் என்ற பப்பைத் தொடங்கி, பெரிய நிறுவனங்களின் பிடிக்கு வெளியே இருந்த சிற்றாலைகளின் ஏல்களை விற்றார். 1990இல் அதே பப்பின் பக்கத்தில் கெல்ஹம் ஐலண்ட் ஆலையையும் நிறுவினார். அந்த ஆலையின் பேல் ரைடர் 2004ஆம் ஆண்டில் பிரிட்டனின் சாம்பியன் பீராகத் தேர்வானது. இன்று நகரெங்கும் காணப்படும் சிற்றாலைகளின் கதையை எங்கிருந்து தொடங்கினாலும் அந்தப் பப்பின் வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

மாலையில், என்னைத் தங்கவைத்திருக்கும் நண்பர் அவருடைய தெருமுனைப் பப்புக்கு அழைத்துச் சென்றார். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சனிக்கிழமை மாலையில் தெருக்காரர்களுக்கே உட்கார இடம் கிடைப்பதில்லை என்றும், பெயரைக் குறிப்பிடாமல் எழுதுவதானால் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றும் உரிமையாளர் அம்மையார் கேட்டுக்கொண்டார். நகரின் வடமேற்கே, குன்றுச் சரிவில் இறங்கும் செங்கல் வரிசை வீடுகளின் கடைசி வீடு அது. தெரியாதவர் அதைக் கடந்து போய்விடுவார். பெயர்ப்பலகையின் வண்ணம் மங்கியிருக்கிறது, உள்ளே என்ன கிடைக்கும் என்று எந்த அறிவிப்பும் இல்லை. உள்ளே இரண்டு அறைகள், சுவரோரமாக நீண்ட பெஞ்சுகள், சிற்றீட்டி எறிந்து விளையாடும் பலகை ஒன்று, கரி அடுப்பு, தேய்ந்த லினோலியம் தரை. தொலைக்காட்சி இல்லை. மதுமேடையில் ஆறு கைப்பம்புகள் நிற்கின்றன; அவற்றுள் இரண்டின் பெயர்ச்சீட்டுகள் பின்புறமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அப்படித் திருப்பி வைத்திருந்தால் அந்தப் பம்பில் இப்போது பீர் இல்லை என்று பொருள்.

ஒரு பப்பின் தரத்தை அந்தத் திரும்பிய சீட்டுகளிலேயே கணிக்கலாம் என்பது என் எண்ணம். ஏன் என்பதை நாளை எழுதுகிறேன்.

வியாழன், கணக்கும் தேர்வும்

காஸ்க் ஏல் என்பது ஆலையிலேயே முடிந்துவிடும் பீர் அன்று. வடிகட்டப்படாமலும் சூடாக்கி ஈஸ்ட் அழிக்கப்படாமலும் பீப்பாயில் அடைக்கப்பட்டு, பப்பின் நிலவறையில் இரண்டாம் முறை நொதித்து, அங்கேதான் அது முழுமை அடைகிறது. குளிரூட்டி, கரியமில வாயுவை அழுத்தத்தோடு செலுத்தி வெளியேற்றும் கெக் பீர்கள் 1960களில் இந்த முறையைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும் நிலை வந்தபோது, 1971இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய காம்ரா இயக்கம்தான் அதைக் காப்பாற்றியது. பீப்பாயில் உயிரோடு இருப்பதே காஸ்க் ஏலின் பெருமை. அதன் பலவீனமும் அதுவே, ஏனெனில் பீப்பாயைத் திறந்து பீரை இழுக்க இழுக்க அந்த இடத்தில் வெளிக்காற்று புகுகிறது. மூன்று நாள்களுக்குள் விற்றுத் தீராவிட்டால் சுவை தட்டையாகி, பிறகு புளிக்கத் தொடங்கிவிடும்.

இங்கேதான் கணக்கு வருகிறது. வழக்கமான ஃபர்கின் பீப்பாயில் 9 கேலன், அதாவது சுமார் 41 லிட்டர் அல்லது 72 பைண்ட் இருக்கும். அடியில் தங்கும் மண்டியைக் கழித்தால் 70 பைண்டுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். அதை மூன்று நாள்களில் தீர்க்க வேண்டுமானால், ஒவ்வொரு பம்பிலும் நாளொன்றுக்கு 23 பைண்டாவது விற்றாக வேண்டும். ஆறு பம்புகளையும் ஓட்டினால் நாளுக்கு ஏறத்தாழ 140 பைண்ட். வார இறுதியில் இந்தத் தெரு அதைக் குடித்துவிடும். வாரத்தின் முற்பகுதியில் குடிக்காது. எனவே அம்மையார் புதன் வரை நான்கு பம்புகளை மட்டுமே இயக்குகிறார். வாடிக்கையாளரைக் கவர்வதற்காக ஆறையும் திறந்து வைத்துவிட்டு, ஐந்தாம் நாள் பீரை ஊற்றிக் கொடுக்கும் மதுக்கூடங்கள் உண்டு. வகைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது எவருக்கும் எளிது. இத்தனைக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்துவதற்கே துணிவு வேண்டும். சிறந்த பீர்த் தேர்வு அந்தத் துணிவிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று இன்னொரு பம்பின் சீட்டும் முன்பக்கம் திரும்பியிருந்தது. பம்புகளில் இருந்தவற்றைச் சொல்கிறேன். நிலையாக இருப்பது ஷெஃபீல்டின் அபிடேல் ஆலை தயாரிக்கும் மூன்ஷைன், 4.3 சதவீதம்; வெளிர்நிறம், பூவாசம், தெருவின் பாதிப் பேர் குடிப்பது. அதன் பக்கத்தில், இந்நகரம் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்துப் பாணியிலான பழைய செம்பழுப்பு நிற பிட்டர் ஒன்று. மூன்றாவது ஸ்டவுட் என்னும் கருநிறப் பீர். நான்காவது வாராவாரம் மாறும் வெளிர் ஏல். ஐந்தாவதில் கருநிற மைல்டு, 3.4 சதவீதம்.

இந்த மைல்டைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், மணமும் குறைந்த கசப்பும் கொண்ட இந்த எளிய பீர், ஒரு காலத்தில் தொழிற்பகுதிகளின் அன்றாட பானமாக இருந்து, இன்று பெரும்பாலான பப்களிலிருந்து மறைந்துவிட்டது. மே மாதத்தை மைல்டு மாதமாகக் காம்ரா கொண்டாடுவதால் இப்போது சில இடங்களில் அது தலைகாட்டுகிறது. இந்தப் பப்பில் ஆண்டு முழுவதும் உண்டு. மூன்று நாளில் 70 பைண்ட் மைல்டு விற்காது என்பது அம்மையாருக்குத் தெரியும்; எனவே அதை மட்டும் 36 பைண்ட் கொள்ளும் பின் என்ற சிறு பீப்பாயில் வரவழைக்கிறார். சிறு பீப்பாயில் நிரப்புவது ஆலைக்குக் கூடுதல் வேலை, பைண்டுக்கு ஆகும் செலவும் அதிகம். எஃகு ஆலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கதவருகே அமர்ந்து தினமும் இரண்டு பைண்ட் மைல்டு அருந்துகிறார். அவரைப் போல இன்னும் சிலர். அவர்களுக்காகவே அந்தப் பீப்பாய் வருகிறது.

இப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாப் பப்களுக்கும் கிடையாது. பீர் ஆலைக்கோ பெரிய பப் நிறுவனத்துக்கோ சொந்தமான கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர், பெரும்பாலும் அவர்கள் குறித்துக்கொடுக்கும் பட்டியலிலிருந்தே, அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். 1989இல் அரசு கொண்டுவந்த பீர் ஆணைகள், 2000 பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலைகளின் பிடியைத் தளர்த்த முயன்றன. ஆனால் ஆலைகள் விற்றுவிட்ட பப்களைக் கொத்துக்கொத்தாக வாங்கிக்கொண்ட புதிய நிறுவனங்கள் அதே கட்டுப்பாட்டை வேறு கைகளில் தொடர்ந்தன. கட்டடம் தன் சொந்தப் பெயரில் இருப்பதால் மட்டுமே மைல்டைத் தம்மால் வைத்திருக்க முடிகிறது என்று அம்மையார் சொன்னார். சிற்றாலைகளுக்குப் பீர் வரியைக் குறைத்த 2002ஆம் ஆண்டின் சட்டமும் மறைமுகமாக அவருக்கு உதவியிருக்கிறது. இந்நகரைச் சுற்றிலும் பிறந்த பல ஆலைகள் அந்தச் சலுகையில் வேரூன்றியவை.

நேரமாகிவிட்டது. மதுமேடைக்குப் பின்னால் உள்ள புட்டிப் பெட்டியைப் பற்றிச் சனிக்கிழமை எழுதுகிறேன். நாளைக் காலை நிலவறைக்கு வரும்படி அழைப்பு கிடைத்திருக்கிறது.

வெள்ளி, நிலவறையில்

கடை திறப்பதற்கு முன், மதுமேடைக்குப் பின்னாலிருந்த தரைக் கதவைத் தூக்கிக் குத்துப்படிகளில் இறங்கினோம். வெண்சுண்ணம் பூசிய தாழ்ந்த கூரை. சுவரில் தொங்கிய வெப்பமானி 12 டிகிரி காட்டியது. காஸ்க் ஏலுக்கு 11 முதல் 13 டிகிரிதான் உகந்தது. ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. நிலவறையின் இந்தக் குளிர்ச்சியை ஒருமுறை உணர்ந்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இருபுறமும் தாங்கிகளின் மேல் பீப்பாய்கள் படுத்த நிலையில் வரிசையாக இருந்தன. அசையாமலிருக்க மரக்கட்டைகளால் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் முகத்திலும் சாக்கட்டியால் மூன்று தேதிகள்: வந்த நாள், ஆப்பு இறங்கிய நாள், குழாய் ஏறிய நாள். வண்டியில் குலுங்கி வந்த பீப்பாயைக் குறைந்தது ஒரு நாளாவது தொடாமல் விட வேண்டும். அதன்பின் மேற்புறத்து மூடியின் நடுவே நுண்துளைகள் கொண்ட மென்மரத்தாலான சிறு ஆப்பை அடித்து இறக்குகிறார்கள்.

அம்மையார் எனக்காக ஒரு பீப்பாயை அப்போதுதான் திறந்தார். மரச்சுத்தியலின் ஒரே அடியில் ஆப்பு உள்ளே இறங்கியது; சீறலோடு வெண்ணுரை அதன் தலையில் பொங்கி, பீப்பாயின் வயிற்றோரமாக வழிந்தது. உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நுரை சான்று. அவர் அதைத் துணியால் துடைத்துவிட்டு மீண்டும் நுரை எழுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். சில வினாடிகளில் எழுந்தால் பீர் இன்னும் பச்சை; எழுவதற்கு நேரமாகத் தொடங்கினால் பக்குவம் நெருங்கிவிட்டது. அந்நேரத்தில் மென்மர ஆப்பைப் பிடுங்கிவிட்டு, காற்றுப் புகாத கடின ஆப்பை அடித்து, எஞ்சிய கரியமில வாயுவை உள்ளேயே அடைத்துவிட வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் பம்பு இழுக்கும்போது நுரையாகவே வரும். தாமதித்தால் பீர் உயிரற்றுப் போகும். இந்தப் பீப்பாய்க்கு நாளை மதியம்வரை ஆகும் என்றார். சாதாரண பிட்டருக்கு ஒன்றிரண்டு நாள் போதும் என்றும், வலுவான ஏல்களைச் சில வாரங்கள்கூடப் படுக்கவைக்கலாம் என்றும் விளக்கினார்.

பீப்பாயைத் தெளியவைப்பது இன்னொரு கலை. மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளை ஆலையிலேயே பீப்பாயில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஈஸ்ட் துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கிறது. அதைச் சேர்க்காமல், சற்றுக் கலங்கலாகவே விற்கும் ஆலைகள் இப்போது பெருகிவருகின்றன; சைவ உணவுக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. மதுமேடையின் சீட்டுகளில் எது மீன் கலவாதது என்று அம்மையார் சிறு பச்சைப் புள்ளியால் குறித்துவைத்திருக்கிறார். பிற பப்களும் பின்பற்ற வேண்டிய வழக்கம் அது.

வாரத்துக்கொருமுறை குழாய்களைக் கழுவும் வேலையும் உண்டு. குழாயில் நிற்கும் பீர் முழுவதையும் கொட்டிவிட்டு, மருந்து செலுத்தி, ஊறவைத்து, தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒன்றிரண்டு பைண்ட் வீணாகிறது என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடும் சபலம் எல்லோருக்கும் வரும். தள்ளிப்போட்டால் மூன்றே வாரத்தில் எல்லா பீரும் ஒரே சுவையாகிவிடும் என்றார் அம்மையார். அதைக் கேட்டபோது, நான் வேறு ஊர்களில் குடித்த பல பீர்களின் மர்மம் விளங்கியது.

மேலே வந்ததும் கைப்பம்பைப் பிடித்து ஒரு பைண்ட் இழுத்துப் பார்க்க வாய்ப்புக் கொடுத்தார். ஜோசஃப் பிராமா 1797இல் காப்புரிமை பெற்ற பம்பின் வழிவந்ததுதான் இன்றும் புழங்குகிறது. ஒரு முழு இழுப்பில் அரை பைண்ட் ஏறுகிறது. யார்க்ஷயரில் பம்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்ற நுண்துளைக் குப்பியைத் திருகியிருப்பார்கள். அதனூடாகப் பீர் சிதறி இறங்கும்போது, மேலே நீர்மோரின் நுரையைப் போல அடர்ந்த வெண்படலம் நிற்கிறது. தென் இங்கிலாந்துக்காரர்கள் இதை ஏற்பதில்லை. ஸ்பார்க்லர் வாசத்தையும் வாயுவையும் உதறிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். மூன்ஷைனை இரண்டு விதமாகவும் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். ஸ்பார்க்லர் இல்லாததில் பூவாசம் கூடுதலாகத் தெரிந்தது உண்மை. ஆனால் பிட்டருக்கும் மைல்டுக்கும் அந்த வழவழப்பு மிகவும் பொருந்துகிறது. அவற்றை நான் வடக்கத்திய முறையிலேயே குடிப்பேன்.

சனி, பேக்வெல்லும் புட்டிப் பெட்டியும்

காலையில் பேருந்தில் பேக்வெல் சென்று வந்தேன். பீப்பாய்களைத் தொடராக இணைத்து, பொங்கும் ஈஸ்ட்டை வளைகுழாய்கள் வழியாக மேல்தொட்டிக்கு ஏற்றி, பீரை மட்டும் மீண்டும் கீழே இறக்கும் பர்ட்டன் யூனியன் என்ற பழைய நொதிப்பு முறை 2024இல் பர்ட்டனிலேயே நிறுத்தப்பட்டது. அங்கிருந்த பீப்பாய் அமைப்புகளுள் ஒரு தொகுதியை இவ்வூரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை பெற்று, அதே ஆண்டில் இங்கே நிறுவி, மீண்டும் இயக்கிவருகிறது. செவ்வாயன்று பர்ட்டன் தெருக்களில் நடந்தபோது இருந்த வருத்தம் இதனால் ஓரளவு தணிந்தது.

திரும்பும் வழியில் கெல்ஹம் ஐலண்ட் டேவர்னிலும் ஒரு பைண்ட். 2008, 2009 ஆகிய இரு ஆண்டுகளும் தொடர்ந்து காம்ராவின் தேசியச் சிறந்த பப் விருதைப் பெற்ற சிறிய பப். அந்தப் புகழுக்குத் தகுதியானதே.

மாலையில் நம் தெருமுனைப் பப்பில் ஆறு சீட்டுகளும் முன்பக்கம் திரும்பியிருந்தன. ஆறாவதில் தார்ன்பிரிட்ஜின் ஜெய்ப்பூர், 5.9 சதவீதம், 2005 முதல் வரும் ஐபிஏ. நேற்று என் கண்ணெதிரே நுரைத்த பீப்பாய் இதுதான். பெயரில் நம் நாட்டு நகரம். சுவையில் தேனும் எலுமிச்சைத் தோலும், முடிவில் நெடுநேரம் நிற்கும் கசப்பும். இங்கிலாந்தின் வடபகுதியில் பெரும்பாலும் மழைநீர் நிரம்பிய ஏரிகளிலிருந்து வரும் மென்னீர்தான் கிடைக்கிறது. இங்குள்ள ஆலைகள் பல, கசப்பு கூர்மையாக வேண்டுமென்றால் ஜிப்சம் சேர்த்து நீரைப் பர்ட்டன் நீராக்கிக்கொள்கின்றன.

இனி அந்தப் புட்டிப் பெட்டி. வழக்கமான குளிர்பெட்டிதான், கதவின் ஒரு மூலையில் துருவேறியிருக்கிறது. உள்ளே பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே ட்ரிப்பெல் 9.5 சதவீதம், செசோன் டுபாண்ட் 6.5 சதவீதம், பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டால் ஆன, ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லென்கெர்லா. கீழ்த்தட்டு முழுவதும் ஓர்வல். ஓர்வல் துறவிமடத்தில் தயாராகும் பீர். புட்டியில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்ப்பதால் மாதங்கள் ஏற ஏற அதன் குணம் மாறிக்கொண்டே போகிறது. புட்டியில் அடைத்த தேதி சீட்டிலேயே இருக்கும். அம்மையார் அதை மூன்று வரிசைகளாக அடுக்கி வைத்திருக்கிறார்: சில மாதமே ஆனது, ஓராண்டை எட்டியது, அதைத் தாண்டியது. புதியதில் ஹாப் மணம் துள்ளியது. பழையதில் ஹாப் அடங்கி, தோலும் உலர்ந்த புல்லும் கலந்த வாசம் மேலெழுந்தது. புகழ்பெற்ற மதுக்கூடங்களிலும் ஓர்வல் கிடைக்கும். எந்த வயதுடையது வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பவரை இந்தக் குன்றுச்சரிவில்தான் சந்தித்தேன்.

ஞாயிறு

மதியம் சென்றபோது ஜெய்ப்பூர் தீர்ந்திருந்தது. ஒரே இரவில் 70 பைண்ட். பம்பின் சீட்டைத் திருப்பிவிட்டு, அம்மையார் நோட்டுப் புத்தகத்தோடு பெஞ்சுக்கு வந்து அமர்ந்தார். வரும் வாரத்துக்கான கொள்முதலை ஞாயிறன்று வாடிக்கையாளரோடு பேசித்தான் முடிவு செய்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தேன். கதவருகே அமரும் பெரியவர், ஸ்டவுட்டுக்குப் பதில் போர்ட்டர் என்ற இன்னொரு கருநிறப் பீர் வேண்டும் என்றார். பல்கலைக்கழக மாணவி ஒருவர் புளிப்பு பீர் ஒன்றைக் கேட்டார். அது காஸ்க்கில் மூன்று நாளில் விற்காது, கெக்கில் வாங்கினால் வைக்கலாம் என்று பதில் வந்தது. ஒற்றைக் கெக் குழாய் மட்டும் மூலையில் இருக்கிறது. அதை அடுத்த வாரம் புளிப்புக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. என் கருத்தையும் கேட்டார்கள். மைல்டை நிறுத்த வேண்டாம் என்றேன். அது நிற்காது என்று பெரியவர் எனக்கு உறுதி கொடுத்தார்.

இங்கு வர நேர்பவர்களுக்கு ஒன்று: மதுமேடையில் நின்று பட்டியலைப் படிப்பதற்கு முன், இன்று குழாய் ஏறிய பீப்பாய் எது என்று கேளுங்கள். தயக்கமில்லாமல் பதில் வந்தால் அதையே வாங்குங்கள். ருசி பார்க்கச் சிறிதளவு கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருவார்கள். காசை உடனே மதுமேடையிலேயே கொடுத்துவிட வேண்டும். இருக்கைக்கு எவரும் வந்து பரிமாறமாட்டார்கள். ஷெஃபீல்டின் வேறு பப்களிலும் இதுவே வழக்கம், விலையும் லண்டனைவிடக் கணிசமாகக் குறைவு. திங்கட்கிழமை மட்டும் போக வேண்டாம். அன்று குழாய் கழுவும் நாள்.